திருஷ்டிப் பிள்ளை

எங்கள் ஊரில் போனில் போட்டோ போடுகிற பெண்பிள்ளைகள் பக்கத்தில் ஒரு திருஷ்டிப் பிள்ளையை நிறுத்திக்கொள்வார்கள். என் மகள் வயிற்றுப் பேத்தி ஜெயதுர்கா ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது அந்த வேலைக்குப் போனாள்.

வேலை கடினமில்லை. படம் எடுக்கும்போது ஓரமாக, கொஞ்சம் பின்னால் தள்ளி நிற்க வேண்டும். முகத்தில் எண்ணெய் வழிந்தால் துடைக்கக் கூடாது. சிரிக்கலாம், ஆனால் நடுவில் நிற்பவள் சிரித்து முடித்த பிறகுதான். படத்தைப் பார்க்கிறவர்களின் கண் முதலில் நடுவில் விழும். அவள் நிறத்தையும் முடியையும் உடுப்பையும் பார்த்ததும் அவர்களுக்கு நெஞ்சில் ஓர் எரிச்சல் கிளம்பும். அது அவளைப் போய்ச் சேருவதற்குள் கண் ஓரத்துக்கு நகர்ந்துவிடும். அங்கே துர்கா நிற்பாள். இவளுக்கு நாம் பரவாயில்லை என்று எரிச்சல் தணிந்து, பார்க்கிறவர்கள் அடுத்த படத்துக்குப் போய்விடுவார்கள். தணிந்தது முழுவதும் துர்காவின் மேல் இறங்கியிருக்கும். புதுக் கட்டடத்தில் தொங்குகிற வைக்கோல் பொம்மைக்கும் இதே வேலைதான். நான் சென்ட்ரிங் பலகை அடித்துப் பிழைத்தவன். எத்தனையோ சாரங்களில் பொம்மை கட்டியிருக்கிறேன். ஒரு பொம்மையும் குறை சொன்னதில்லை.

இதற்குக் கூலி கிடையாது. கூலி கொடுத்தால் திருஷ்டி ஏறாது என்பார்கள். நடுவில் நிற்பவள் உடுத்திக் கழித்த உடுப்பைக் கொடுப்பார்கள். அதுவும் கொஞ்சம் சாயம் போன பிறகு.

துர்கா நின்றது என் பெரியண்ணன் பரமகுருவின் பேத்தி தன்யஸ்ரீக்கு. எனக்கு அதில் விருப்பமில்லை. பெரியண்ணன் பஸ் ரோட்டில் மாடி வீடு கட்டியபோது பலகை முழுவதும் நான்தான் அடித்தேன். தளம் போடுகிற அன்று காலையில் போய்ப் பார்த்தால் சாரத்தில் திருஷ்டிப் பொம்மை தொங்குகிறது. அதன் உடம்பில் என் கல்யாணச் சட்டை. அவர்கள் வீட்டில் வெளுக்கக் கொடுத்திருந்த சட்டையை மதினி பழந்துணி என்று எடுத்து வைக்கோல் திணித்துவிட்டாளாம். பஸ்ஸில் போகிறவர்கள் தலையை வெளியே நீட்டி என் சட்டையைப் பார்த்துக்கொண்டு போனார்கள். பெரியண்ணனிடம் போய்க் கேட்டேன்.

“உன்னைவிட அதுக்குத்தாம்ல பொருத்தமா இருக்கு” என்றார்.

கொத்தனாரும் சித்தாள்களும் சிரித்தார்கள். கலவை மிஷின் ஓடிக்கொண்டிருந்ததால் சிலருக்குக் கேட்கவில்லை. அவர்களுக்கு அவர் இன்னொரு தடவை சொன்னார். அன்றோடு நான் அவரோடு பேசுவதை விட்டேன். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மதினி வழியாகச் சொல்வோம். அந்த வீடு கட்டிய பிறகு ஊரில் இரண்டு கலெக்டர் ஆபீஸ் கட்டடம் வந்துவிட்டது. நான் மறக்கவில்லை.

பிள்ளையைக் கேட்டு மதினிதான் வந்தாள். சட்டையை எடுத்தாயிற்று, இனிப் பிள்ளையா என்று கேட்டேன். மதினி என் மகள் பொன்செல்வியைப் பார்த்தாள். பொன்செல்வி தையல் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். மருமகன் திருப்பூரில் இருக்கிறார், பொங்கலுக்கு வருவார். பிள்ளையைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். துர்கா அதற்குள் தலை வாரி, செருப்பு மாட்டி, கதவோரம் நின்றுகொண்டிருந்தாள்.

அதற்கு முன்பு அவள் தன் படத்தைத் தானே போட்டுக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் போனை வைத்துக்கொண்டு சுவரோரம் உட்காருவாள். ஊர் ஊராக இருக்கிற பிள்ளைகளைப் பார்ப்பாள். ஒருத்திக்குக் கழுத்து நீளமாக இருக்கும். ஒருத்திக்கு முழங்கை கறுப்பாக இருக்காது. பார்த்துவிட்டு எழுந்து போய் முழங்கையில் எலுமிச்சம்பழத் தோலைத் தேய்ப்பாள். புண்ணாகும் வரைக்கும் தேய்ப்பாள். சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு, கன்னம் பெரிதாக இருக்கிறது என்பாள். பிறகு தன் படத்தை ஒரு நாள் முழுவதும் யோசித்துப் போடுவாள். யாரும் பார்க்க மாட்டார்கள். ஒரு தடவை ஒரு போர்வெல் கம்பெனி மட்டும் பிடித்திருப்பதாகச் சொல்லியிருந்தது. அதைக் காட்டி அவள் வகுப்புப் பிள்ளைகள், தண்ணி எத்தனை அடியிலே வந்துச்சாம் என்று கேட்டார்களாம்.

திருஷ்டிக்கு நிற்க வேண்டாம் என்று நான் சொன்னேன். கேவலமாகப் பார்ப்பதற்காகத்தான் நிறுத்துகிறார்கள் என்றும் சொன்னேன்.

“எப்படிப் பாத்தா என்ன தாத்தா” என்றாள். “பாக்காங்கல்லா.”

அவள் சொன்னது சரிதான். ஆயிரக்கணக்கான பேர் பார்த்தார்கள். துர்கா ராசிக்காரி, அவள் நின்ற நாளிலிருந்து தன்யஸ்ரீக்கு ஒரு சின்னக் காய்ச்சல்கூட வரவில்லை, முடி கொட்டுவது நின்றுவிட்டது என்று மதினி கோயிலில் வைத்து எல்லாரிடமும் சொன்னாள். புதுக் கார் வாங்கியவர்கள் ஒரு நாளைக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டார்கள். நான் மறுத்துவிட்டேன்.

பொன்செல்வி சாயங்காலம் உப்பும் மிளகாயும் எடுத்துப் பிள்ளைக்குச் சுற்றி அடுப்பில் போடுவாள். நெடி அடிக்கவே இல்லை. அவ்வளவு கண் பட்டிருந்தது. கொஞ்ச நாளில் மிளகாய் கருகுவதும் நின்றது. நெருப்பில் போட்டது போட்டபடி சிவப்பாகக் கிடக்கும். அதையே எடுத்து வைத்து மறுநாளும் சுற்றினோம்.

பிறகு துர்கா வீட்டிலும் ஓரமாக இருக்க ஆரம்பித்தாள். கண்ணாடியில் தலை வாரும்போது நடுவை விட்டுவிட்டு, சட்டத்தை ஒட்டி நிற்பாள். பாதி முகம்தான் தெரியும். அந்தப் பாதிக்குத்தான் பவுடர் போடுவாள். பாயின் விளிம்பில் படுப்பாள். பஸ்ஸில் இடம் கிடந்தாலும் சீட்டின் நுனியில் உட்காருவாள், பக்கத்தில் யாரோ பருத்த ஆள் இருப்பதுபோல. சாப்பிடும்போது தட்டின் ஓரத்தில் இருக்கிற சோற்றை மட்டும் தின்றுவிட்டு எழுந்துவிடுவாள். உடம்பு மெலிந்துகொண்டே போனது. அரைப் பரீட்சையில் எல்லாப் பாடத்துக்கும் விடையை மார்ஜினில் எழுதி வைத்திருந்தாள். எல்லாம் சரியான விடைதான், ஆனால் மார்ஜினில் எழுதியதற்கு மார்க் போட வழியில்லை என்று டீச்சர் வருத்தப்பட்டார். வீட்டுக்கு வந்ததும் பொன்செல்வி அவளை உட்காரவைத்து, ஏன்டி இப்படிச் செய்கிறாய், நடுவில் எழுதினால் என்ன என்று கேட்டாள்.

“அது வேற யாருக்கோ உள்ள எடம்மா” என்றாள் துர்கா.

அந்தச் சமயத்தில்தான் தன்யஸ்ரீயை ஃபாலோ செய்கிறவர்கள் லட்சத்தை நெருங்கிவிட்டார்கள் என்ற செய்தி வந்தது. எங்கள் ஊரில் லட்சம் என்பது வீடு கட்டி முடிகிற மாதிரி. லட்சம் ஆனதும் பால் காய்ச்ச வேண்டும். பால் பொங்கியதும் திருஷ்டிப் பிள்ளையை இறக்க வேண்டும். கட்டடத்துப் பொம்மையை அவிழ்த்து முச்சந்தியில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருகிறோமே, அதேதான். பிள்ளையைக் கூட்டிப்போய் முச்சந்தியில் நிறுத்திவிட்டு வந்துவிடுவார்கள். அதன் பிறகு ஊரில் யாரும் அவளைப் பார்க்கக் கூடாது. பிள்ளை வீட்டுக்கு வரலாம், பள்ளிக்கூடம் போகலாம், அதற்கெல்லாம் தடையில்லை. பார்க்க மட்டும் கூடாது.

போன வருஷம் பஞ்சர் கடை ஜோசப்பின் மகள் ரோஸ்லினை அப்படி இறக்கினார்கள். அவள் கடை வாசலில் டயர் மேல் உட்கார்ந்திருப்பாள் என்று சொல்வார்கள். போகிறவர்கள் எல்லாரும் அந்த இடம் வந்ததும் முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார்கள். அவள் அம்மா கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்துச் சடை பின்னிவிடுவாள். ரோஸ்லின் வளர்ந்திருக்கிறாளா, இளைத்திருக்கிறாளா என்று கேட்டால் ஜோசப்புக்குச் சொல்லத் தெரியாது.

துர்காவை அப்படி விட எனக்கு மனமில்லை. லட்சம் ஆகாமல் தடுப்பதுதான் வழி. ஊரில் எல்லாரும் தன்யஸ்ரீயை ஃபாலோ செய்தார்கள். பெரியண்ணன் வீட்டுப் பிள்ளை என்பதால் செய்யாமல் இருக்க முடியாது. நான் சலூன் அந்தோணியோடு பேசி வைத்துக்கொண்டேன். முடி வெட்ட ஒருவர் உட்கார்ந்து, துண்டு கட்டி, ஒரு பக்கம் வெட்டி முடித்ததும் அந்தோணி கத்தரியைக் கீழே வைத்துவிடுவான். நான் பெஞ்சில் இருந்தபடி விஷயத்தைச் சொல்வேன். பாதித் தலையோடு தெருவில் இறங்க யாருக்கும் தைரியம் கிடையாது. போனை எடுத்து தன்யஸ்ரீயிடமிருந்து விலகுவார்கள். அந்தோணி மறுபக்கம் வெட்டுவான். சாயங்காலம் மதினி வீடு வீடாகப் போய் அவர்களையெல்லாம் திரும்பச் சேர்ப்பாள். கணக்கு இப்படி ஏறுவதும் இறங்குவதுமாகக் கொஞ்ச காலம் போனது. வழுக்கைத் தலையர்களை நாங்கள் ஒன்றும் செய்ய முடியவில்லை.

துர்காவுக்கு இது தெரிந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சலூனுக்கே வந்தாள். உள்ளே வரவில்லை, கதவு நிலையை ஒட்டி நின்றாள்.

“விட்டுருங்க தாத்தா” என்றாள்.

விட்டுவிட்டால் உன்னை இறக்கிவிடுவார்கள் என்றேன்.

“எறக்கிட்டா பொறவு யாரும் பாக்க மாட்டாங்கல்லா?”

மாட்டார்கள் என்றேன்.

“அப்ப நல்லதுதான்” என்றாள். அவள் குரல் தூக்கம் வருகிற பிள்ளையின் குரல்போல இருந்தது. அந்தோணி கத்தரியை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். நான் எழுந்து வீட்டுக்குப் போனேன். அந்த வாரமே லட்சம் ஆகிவிட்டது.

பெரியண்ணன் வீட்டுக்குச் சீரியல் பல்பு போட்டிருந்தார்கள். ஹாலில் ஒரு மணைப் பலகையில் போனை வைத்துச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். மதினி பால் காய்ச்சினாள். பால் பொங்கியதும் எல்லாரும் குலவை போட்டார்கள். இறக்குகிற அன்று மட்டும் திருஷ்டிப் பிள்ளைக்குப் புது உடுப்பு எடுப்பது வழக்கம். துர்காவுக்கு நல்ல நீலத்தில் பாவாடையும் சட்டையும் எடுத்திருந்தார்கள். அளவு சரியாக இருந்தது. பொன்செல்வி அவளுக்குத் தலை பின்னிவிட்டாள். பின்னி முடித்த பிறகும் ரிப்பனை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். நேரமாகிறது என்று மதினி சொன்னதும் கையை எடுத்தாள்.

பழைய தியேட்டர் முச்சந்தியில் துர்காவை நிறுத்திவிட்டு எல்லாரும் திரும்பி நடந்தோம். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பொன்செல்வி இரண்டு கையாலும் சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு நடந்தாள். அவளும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

திரும்பிப் பார்த்தால் பட்ட கண்ணெல்லாம் பால் காய்ச்சிய வீட்டுக்கே திரும்பி வரும் என்பது எனக்குத் தெரியும். அது யார் வீடு என்பதும் தெரியும்.

முச்சந்தியில் துர்கா இல்லை. என் பார்வையின் ஓரத்தில், டிரான்ஸ்பார்மர் பக்கம், நீலமாக ஏதோ தெரிந்தது. அந்தப் பக்கம் திரும்பினேன். அது இந்தப் பக்க ஓரத்துக்கு வந்துவிட்டது. நான் நேராகப் பார்த்த இடத்திலெல்லாம் அவள் இல்லை. ஓரமாக நிற்பது அவளுக்கு அவ்வளவு பழகியிருந்தது. வா வீட்டுக்கு என்று சொல்லிவிட்டு நான் முன்னால் நடந்தேன். ரோட்டின் கோடியில் பெரியண்ணன் வீடு பல்பு வெளிச்சத்தில் ஜொலித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு எரிந்தது. அப்போது கண்ணின் ஓரத்தில், சாக்கடையை ஒட்டி, துர்கா தெளிவாக நடந்து வருவது தெரிந்தது. வீடு மறையும் வரைக்கும் தெரிந்தது.

எங்கள் வீட்டுக்குள் வந்ததும் அவளைக் காணவில்லை. சோறு போட்டு வைத்தால் அப்படியே இருந்தது. நடுவில் ஒன்று இருந்தால்தானே ஓரம் இருக்கும். டிவியை நடுவில் வைத்துப் பார்த்தோம். கேஸ் சிலிண்டரை வைத்துப் பார்த்தோம். பொன்செல்வி தானே நடுவில் உட்கார்ந்தாள். எதுவும் பயன்படவில்லை. நடுவில் இருப்பதைப் பார்த்தால் நெஞ்சு எரிய வேண்டும். எங்கள் வீட்டில் அப்படி ஒரு பொருளும் கிடையாது, ஆளும் கிடையாது. மூன்று வேளையும் போட்ட சோற்றை எடுத்து மாட்டுக்கு வைத்தோம். பொன்செல்வி வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

கடைசியில் அவள் போய் தன்யஸ்ரீயைக் கூட்டி வந்தாள். அந்தப் பிள்ளையும் முன்போல இல்லை. திருஷ்டிப் பிள்ளை போன பிறகு அவள் படம் எதுவும் போடவில்லை. கோயம்புத்தூரில் ஒருத்தி இருக்கிறாளாம், அவளுக்கு இரண்டு பக்கமும் திருஷ்டிப் பிள்ளைகள், பின்னால் ஒரு நாய் வேறு. தன்யஸ்ரீ இரவும் பகலும் அவளையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது. முழங்கையில் எலுமிச்சம்பழப் புண்.

நாற்காலியை நடுவில் போட்டு அவளை உட்காரச் சொன்னோம். உட்கார்ந்தாள். பொன்செல்வி அவளையே பார்த்தாள். வலது ஓரத்தில் துர்காவின் பாவாடை தெரிய ஆரம்பித்தது என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். ஆனால் தன்யஸ்ரீ உட்கார்ந்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டிருந்தாள். அவள் காலை அசைக்கவில்லை, நாற்காலியும் அசையவில்லை. நாற்காலியின் நுனிக்கு வந்தாள். பிறகு இடது ஓரத்துக்குப் போய்விட்டாள். நானும் பொன்செல்வியும் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து அவளுக்கு வைத்திருந்த காப்பியையும் எடுத்து வைத்தோம்.

மறுநாள் காலையில் பெரியண்ணன் வந்தார். எங்கள் வீட்டுக்கு அவர் வருவது அதுதான் முதல் தடவை. நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து வந்தார். பேத்தியைத் தேடி வந்திருக்கிறார் என்று மதினி வெளியே நின்று சொன்னாள். எங்கே உட்காருவது என்று அவர் கேட்கவில்லை. கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும் அவர் இதையெல்லாம் கேட்பதில்லை. நேராகப் போய் நடு நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலியின் இரண்டு கையும் அவருக்குச் சரியாக இருந்தது. அவர் நகரவில்லை.

வேறு வழி இல்லாததால் நான் அவரைப் பார்த்தேன். முடி முழுவதும் நரைத்திருந்தது. கன்னத்தில் என் அப்பாவுக்கு இருந்த மாதிரியே ஒரு மரு வந்திருந்தது. எனக்கு அதெல்லாம் பொருட்டாக இல்லை. நெஞ்சு எரிந்தது, கொஞ்சமும் குறையாமல் எரிந்தது. வலது ஓரத்தில் துர்கா வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பொன்செல்வி தட்டை வைத்தாள். துர்கா பிசைந்து சாப்பிடுகிற சத்தம் கேட்டது.

அன்றிலிருந்து பெரியண்ணன் வேளைக்கு வந்துவிடுகிறார். எதிரெதிராக இரண்டு நாற்காலி போட்டு உட்காருகிறோம். நான் அவரைப் பார்க்கிறேன். அவர் என்னைப் பார்க்கிறார். அவருக்குத் தன்யஸ்ரீ தெரிகிறாள். என்னைப் பார்த்து அவருக்கு நெஞ்சு எரிய என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. பேச்சுவார்த்தை இல்லாததால் கேட்கவும் இல்லை.

ஒரு சங்கடம் உண்டு. தினமும் ஒரே முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் எரிச்சல் கொஞ்சம் தேய்கிறது. முந்தா நாள் அவர் இருமியபோது, மூச்சு வாங்குகிறாரே என்று நினைத்துவிட்டேன். உடனே துர்கா மங்கிவிட்டாள், தட்டில் வைத்த கை மட்டும் தெரிந்தது. பெரியண்ணன் அதைக் கவனித்திருக்க வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு, “பலகை அடிக்கப் போறவனுக்கு எதுக்குல நாற்காலி” என்றார். துர்கா திரும்ப வந்தாள். இப்போதெல்லாம் சோறு போட்டதும் அவர் ஏதாவது ஒன்று சொல்கிறார். சில நாள் ஒன்று போதாது.

“பெரியப்பா, இன்னொன்னு சொல்லுங்க” என்பாள் பொன்செல்வி, கரண்டியோடு நின்றபடி. “பிள்ளை இன்னும் ரசம் ஊத்தலை.”

அவர் யோசித்து இன்னொன்று சொல்வார். அதில் அவர் எப்போதும் கெட்டிக்காரர்.

நேற்று மத்தியானம் வாசல் பக்கத்து ஓரத்தில் இன்னொரு பிள்ளையும் உட்கார்ந்து சாப்பிட்டது. அந்தப் பக்கமிருந்து டயர் வாடை வந்தது. யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்ல வேண்டுமானால் நேராகத் திரும்பிப் பார்க்க வேண்டும். நான் பெரியண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொன்செல்வி இன்று உலையில் ஒரு கை அரிசி கூடுதலாகப் போட்டாள்.